முடிவு தெரிந்த படம்

கொரோனா காரணமாக 2020 மார்ச் 19ஆம் தேதியோடு தமிழ்நாட்டில் படப்பிடிப்புகள் நின்றன. திரையரங்குகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. சீரியல்களுக்குக் கையிருப்பில் இருந்த எபிசோடுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. மாலையில் தொடங்கி இரவு வரை மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த கதைகள் எல்லாம் பாதியில் நின்றன. மருமகளுக்கு நியாயம் கிடைத்ததா, தொலைந்த மகன் வீடு திரும்பினானா என்பதெல்லாம் தொங்கலில். சேனல்கள் பழைய தொடர்களைத் தூசு தட்டி எடுத்தன. தூர்தர்ஷன் 1987இல் வந்த 'ராமாயண'த்தை மார்ச் 28 முதல் மறுபடி ஒளிபரப்பியது. மிச்ச நேரத்தையெல்லாம் சினிமா நிரப்பியது.

அந்த இடைவெளியில் இரண்டு வகைப் படங்கள் ஒரே வரவேற்பறைக்குள் வந்தன. ஒன்று, ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்தது. இன்னொன்று, யாருமே பார்க்காதது. 'பொன்மகள் வந்தாள்' மே 29 அன்று திரையரங்கைத் தொடாமலே வீட்டுக்கு வந்தது. 'சூரரைப் போற்று' நவம்பர் 12 அன்று. புதுப்படம் பார்க்க ஆர்வம் வருவதில் வியப்பில்லை. அடுத்து என்ன வசனம் வரும் என்று தெரிந்த படத்தின் முன்னால், புதுப்படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஏன் உட்கார்ந்தோம்? பழைய நினைவின் இனிமை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சினிமா பார்க்கும் மூளையைக் கடந்த இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர்களின் முடிவுகளைப் படித்த பிறகு, முதல் தடவை பார்ப்பதும் இரண்டாம் தடவை பார்ப்பதும் இரண்டு வெவ்வேறு செயல்கள் என்றே நம்புகிறேன். படம் ஒன்றுதான். மூளை செய்யும் வேலைதான் வேறு.

முதல் தடவையிலிருந்து தொடங்கலாம். 2004இல் ஊரி ஹாசன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து பேரை ஒருவர்பின் ஒருவராக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் முப்பது நிமிடங்களைப் போட்டுக் காட்டினார்கள். எதையும் எண்ணச் சொல்லவில்லை, பொத்தானை அழுத்தச் சொல்லவில்லை. சும்மா படம் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு முன் மூளை ஆய்வு என்றால் ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு முகம் என்று தனித்தனியாகக் காட்டி அளப்பதுதான் வழக்கம். குதிரையும் துப்பாக்கியும் புழுதியும் இசையுமாக ஓடும் ஒரு முழுப்படத்தைக் காட்டினால் ஒவ்வொரு மூளையும் தன்போக்கில் போய்விடும், அளவீட்டில் இரைச்சல்தான் மிஞ்சும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். நடந்தது வேறு. ஒருவருடைய மூளையின் ஒரு பகுதியில் செயல்பாடு ஏறிய அதே கணத்தில் மற்றவருடைய மூளையிலும் அதே பகுதியில் ஏறியது. ஒருவருக்கு இறங்கியபோது மற்றவருக்கும் இறங்கியது. வெவ்வேறு நேரத்தில் தனியாகப் படுத்துப் படம் பார்த்தவர்களின் மூளைகள் தாளம் தப்பாமல் ஒன்றாக ஓடியிருந்தன.

எல்லாப் படமும் இப்படிச் செய்யுமா என்று பின்னர் பார்த்தார்கள். நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் ஒரு கேமராவை அசையாமல் நிறுத்தி, நடப்பதையெல்லாம் பத்து நிமிடம் பதிவுசெய்து காட்டியபோது, பார்வையாளர்களின் மூளைப் புறணியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில்தான் ஒற்றுமை தெரிந்தது. ஒரு நகைச்சுவைத் தொடரின் எபிசோடுக்கு 18 விழுக்காடு. முன்சொன்ன கௌபாய் படத்துக்கு 45. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய ஒரு தொலைக்காட்சிக் கதைக்கோ 65 விழுக்காட்டுக்கும் மேல்.

அந்த ஹிட்ச்காக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1961 அக்டோபரில் ஒளிபரப்பான 'பேங்! யூ ஆர் டெட்'. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவின் பெட்டியைக் குடைந்து ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறான். அவன் நினைப்பில் அது பொம்மை. உண்மையில் குண்டு நிரப்பிய நிஜத் துப்பாக்கி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவெல்லாம் சுற்றுகிறான், எதிர்ப்படும் பெரியவர்களை நோக்கி நீட்டி விளையாடுகிறான். அவர்கள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குகிறார்கள். நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பார்ப்பவர்களின் மூளையை ஓர் இயக்குநர் எந்த அளவுக்குப் பிடித்து நடத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவீட்டை நான் பார்த்ததில்லை.

இதே கதையை 2012இல் வேறொரு குழு எடுத்துக்கொண்டது. ஜாசெக் டிமோசௌஸ்கி, லூகாஸ் பர்ரா ஆகியோர் அடங்கிய அந்தக் குழு, தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைப் பதிவுசெய்தது. படத்தின் பரபரப்பான கட்டங்களில் பார்வையாளர்களின் அலைகள் ஒன்றோடொன்று நெருங்கிவந்தன. பிறகு அதே ஆட்களுக்கு அதே படத்தை இரண்டாம் தடவை போட்டார்கள். நெருக்கம் குறைந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மையம் இந்த முடிவுதான். முதல் தடவை பார்க்கும்போது இயக்குநர் எல்லோரையும் ஒரே பாதையில் கூட்டிச் செல்கிறார். இரண்டாம் தடவை பிடி தளர்கிறது. இதைக் கவனம் குறைந்தது என்று மட்டும் படிக்கலாம், ஆய்வாளர்களும் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் குறைந்தது என்ன? ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது குறைந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வழியில் படத்துக்குள் உலவத் தொடங்கினார்கள் என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. மனப்பாடமான படம் என்று நாம் சொல்வது, நம் இஷ்டத்துக்கு நடமாட இடம் கிடைத்த படம்.

முதல் தடவை ஏன் அந்த இடம் கிடைப்பதில்லை? மூளைக்கு அவ்வளவு வேலை. சினிமாவில் ஒரு காட்சி நொடியில் வெட்டுப்பட்டு வேறிடத்துக்குத் தாவும். கேமரா அறையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், பகல் இரவாகும், ஒரு முகம் திரையை நிறைக்கும். நிஜ வாழ்க்கையில் நம் கண்ணெதிரே உலகம் இப்படித் துண்டாவதே இல்லை. இருந்தும் யாரும் தடுமாறுவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாக்ஸ் இதை நீண்டகாலமாக ஆராய்கிறார். மனிதர்கள் ஓடும் நிகழ்வை அப்படியே விழுங்குவதில்லை. இது முடிந்தது, இனி அடுத்தது என்று தாங்களாகவே துண்டுபோட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. ஒருவர் பாத்திரம் கழுவும் படத்தைக் காட்டி, எங்கெங்கே ஒரு செயல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கேட்டால், வெவ்வேறு ஆட்கள் பெரும்பாலும் ஒரே இடங்களைத்தான் காட்டுகிறார்கள். எதுவும் கேட்காமல் வெறுமனே பார்க்கவிட்டாலும் அந்த எல்லைகளில் மூளையின் செயல்பாடு எழும்புகிறது. ஒரு துண்டு முடிந்ததும் அதைக் கட்டி நினைவில் வைத்துவிட்டு, அடுத்தது எதைப் பற்றியது என்று மூளை புதிதாகக் கணிக்க வேண்டும். நல்ல படத்தொகுப்பாளர் இந்த எல்லைகளை உணர்ந்து வெட்டுகிறார்.

இதில் கண் இமைப்புக்கும் பங்கு உண்டு. நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறோம். இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய 2,500 தடவை. ஒவ்வொன்றும் நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் என்று வைத்தால்கூட, படத்தின் ஏறக்குறைய பதினான்கு நிமிடங்கள் நமக்கு இருட்டு. அந்த இருட்டு எங்கே விழுகிறது? ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், 1974இல் வந்த 'தி கான்வர்சேஷன்' படத்தைத் தொகுக்கும்போது ஒன்றைக் கவனித்தார். எந்த இடத்தில் ஷாட்டை வெட்டலாம் என்று அவர் தீர்மானிக்கிறாரோ, அதை ஒட்டிய இடத்தில்தான் நடிகர் ஜீன் ஹேக்மன் அடிக்கடி இமைத்தார். ஒரு எண்ணம் முடியும் இடத்தில் இமை மூடுகிறது என்று மர்ச் ஊகித்தார், அதைத் தம் நூலிலும் எழுதினார்.

2009இல் ஜப்பானிய ஆய்வாளர் தமாமி நகானோவின் குழு 'மிஸ்டர் பீன்' படத்துண்டுகளைப் பலருக்குக் காட்டி அவர்களுடைய இமைப்பைப் பதிவுசெய்தது. பார்வையாளர்கள் ஒரே நேரத்தில் இமைத்தார்கள்! மிஸ்டர் பீன் ஒரு செயலை முடித்த கணத்தில், அவர் திரையை விட்டு விலகிய கணத்தில். கதை இல்லாத காட்சிகளைக் காட்டியபோது இந்த ஒற்றுமை இல்லை. வெறும் ஒலியாகக் கதை கேட்டபோதும் இல்லை. எதையும் தவறவிடக் கூடாது என்று, நமக்கே தெரியாமல், கதையின் இடைவெளி பார்த்துக் கண்ணை மூடுகிறோம். நிறைந்த திரையரங்கில் ஆயிரம் பேர் ஒன்றாகச் சிரிப்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த ஆயிரம் பேரில் பலர் ஒன்றாக இமைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

இவ்வளவு வேலையில் மூழ்கியிருக்கும் மூளை எதையெல்லாம் கைவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1997இல் டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. எழுந்து போகிறார். கட். அடுத்த ஷாட்டில் தொலைபேசியை எடுப்பவர் வேறோர் ஆள், சட்டையும் வேறு. பார்த்தவர்களில் மூன்றில் ஒருவர்தான் ஆள் மாறியதைச் சொன்னார். மற்றவர்கள், எழுந்து போன மனிதர் தொலைபேசியை எடுத்துப் பேசினார் என்றே விவரித்தார்கள். முதல் பார்வையில் நாம் பின்தொடர்வது கதையை. முகம், சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் அதற்குப் பின்தான். ஒரு தொடரில் நடிகை மாறி, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போடும்போது சில நாள் முணுமுணுத்துவிட்டுப் பிறகு அந்தப் பாத்திரத்தையே தொடர்கிறோமே, அதுவும் இந்தத் திறனை நம்பித்தான் நடக்கிறது.

ஆகவே முதல் தடவை தவறவிட்டது ஏராளம், இரண்டாம் தடவைக்குக் காத்திருக்கிறது. இதற்கு 'சந்திரமுகி' (2005) நல்ல எடுத்துக்காட்டு. முதல் தடவை சந்தேகம் துர்காவின் மேல் விழும்படி படம் நம் பார்வையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். நயன்தாரா வரும்போதெல்லாம் அவரையே உற்றுப் பார்ப்போம். உண்மை தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால் கண் தானாகவே கங்காவிடம் போகிறது. சந்திரமுகியின் பழங்கதையைக் கேட்கும்போது ஜோதிகாவின் முகத்தில் ஓடும் ஆர்வம், பூட்டிய அறையின் பேச்சு வந்ததும் பார்வையில் வரும் மாற்றம், எல்லாம் முதல் தடவையே அங்கேதான் இருந்தன. பார்க்க நமக்கு நேரமில்லை. நடிப்பின் நுணுக்கத்தை ரசிக்க விரும்புகிறவருக்கு இரண்டாம் தடவைதான் உண்மையான முதல் தடவை என்பேன்.

சரி, நுணுக்கம் தெரிகிறது. பதைபதைப்பு எப்படி வருகிறது? முடிவு தெரிந்தும் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது? இந்தப் புதிரைத் தத்துவவாதிகளும் உளவியலாளர்களும் பல காலமாக மென்றுகொண்டிருக்கிறார்கள். திகிலுக்கு நிச்சயமின்மை வேண்டும் என்றால், முடிவு தெரிந்தவருக்குத் திகில் வரக் கூடாது. வருகிறதே!

ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் இதை ஒரு சோதனையாக்கினார். ஜார்ஜ் வாஷிங்டன்தான் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் என்பது அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சின்னக் கதையில், போருக்குப் பின் வாஷிங்டன் களைத்துப்போயிருந்தார், ஓய்வை விரும்பினார், பதவியை ஏற்பாரா என்பது ஐயம் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தவர்களிடம், வாஷிங்டன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது சரியா தவறா என்று கேட்டபோது, சரி என்று சொல்ல அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. தெரிந்த செய்திதான். ஆனால் கதைக்குள் இருக்கும்போது அந்தச் செய்தி உடனே கைக்கு வரவில்லை. வாழ்க்கையில் எந்த நிகழ்ச்சியும் அச்சு அசலாக இரண்டாம் தடவை நடப்பதில்லை. அதனால் நடந்துகொண்டிருக்கும் ஒன்றை, இதன் முடிவு ஏற்கெனவே நினைவில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பழக்கமே மூளைக்கு இல்லை என்பது கெரிக்கின் விளக்கம். நினைவு முடிவை வைத்திருக்கிறது. நடப்பதைப் பார்க்கும் மனம் அதைக் கேட்காமலே ஓடுகிறது.

இது பாதிப் பதில்தான். மீதியை ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். இயக்குநர் ட்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் அவர் ஓர் உதாரணம் தந்தார். மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. அதே மேசை, அதே பேச்சு. ஆனால் குண்டு அங்கே இருப்பதும் எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் பார்ப்பவருக்கு முன்பே தெரியும். இப்போது அந்தச் சாதாரணப் பேச்சு முழுவதுமே பதினைந்து நிமிடப் பதைப்பு. அதாவது திகிலைத் தருவது அறியாமை இல்லை, அறிவு.

'பாட்ஷா'வை (1995) இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் யார் என்பது முன்பாதியில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்திரன் அவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறான். தம்பிக்கு விழ வேண்டிய அடியைத் தான் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார். ஒன்றும் தெரியாமல் பார்ப்பவருக்கு இது ஓர் ஏழைக்கு நடக்கும் கொடுமை. தெரிந்து பார்ப்பவருக்கு, மேசைக்கு அடியில் குண்டு. எப்போது வெடிக்கும் என்பதும் தெரியும். ஒவ்வொரு அடியும் அந்த நேரத்தை நெருங்கி வரச் செய்கிறது. முதல் தடவைக்கு ஆச்சரியமாக எழுதப்பட்ட காட்சி, இரண்டாம் தடவையில் திகிலாகிறது. ரஜினி இப்படியே சும்மா இருக்கமாட்டார் என்று 1995இன் முதல் காட்சியிலேயே அரங்கம் அறிந்திருந்தது என்பதும் உண்மை. பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கு முழுமையான முதல் தடவை என்று ஒன்று கிடையாதோ என்னவோ.

இது சினிமா கண்டுபிடித்த வித்தையும் அன்று. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோவில் விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரவு முழுக்கக் கூத்து. பாரதக் கதையில் அடுத்து என்ன என்று தெரியாத ஒருவரும் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. துரியோதனன் எங்கே வீழ்வான், எந்தத் தொடையில் அடி விழும் என்பது வரை தெரியும். களத்தில் மண்ணால் அவனுடைய உருவத்தைப் பெரிதாகச் செய்து கிடத்தியிருக்கிறார்கள், முடிவு விடிவதற்கு முன்பே கண்ணெதிரே கிடக்கிறது. இருந்தும் துகிலுரியும் இரவில் கூட்டம் கலங்குகிறது. கதை தெரிந்திருப்பதை ஒரு குறையாக அல்ல, பார்வையாளருக்கு இருக்க வேண்டிய தகுதியாகக் கருதிய கலை அது. பார்க்காத கதைதான் பார்க்கத் தகுந்தது என்ற எண்ணம் மிகப் பிற்காலத்தது.

மறுபடி பார்க்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை நேராகவே அளந்திருக்கிறார்கள். 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' படத்திலிருந்து 90 நொடித் துண்டு ஒன்று ஆறு தடவை காட்டப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கரோலின் லீ, மரியம் அலி, கிறிஸ்டஃபர் பால்டசானோ மூவரும் அந்த மூளைப் பதிவுகளை 2021இல் அலசினார்கள். முதல் தடவையில் காட்சி மாறும்போது மூளையின் செயல்பாட்டு வடிவமும் மாறியது. திரும்பத் திரும்பப் பார்த்தபோது அந்த மாற்றம் காட்சிக்கு முன்பே வந்து நின்றது. கண்ணுக்கு நெருங்கிய பார்வைப் பகுதிகளில் இந்த முந்தல் மிகக் கொஞ்சம். மூளையின் முன்பக்கம் நோக்கிப் போகப் போக அது நீண்டு, பல நொடிகள் வரை எட்டியது. ஒரே தலைக்குள் ஒரு பகுதி இந்தக் கணத்தில் இருக்கிறது. இன்னொன்று வரப்போகும் காட்சிக்குப் போய்க் காத்திருக்கிறது.

காத்திருப்பதே இன்பம் என்பதற்கும் சான்று உண்டு, இசையிலிருந்து. மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழு 2011இல் ஒரு சோதனை செய்தது. கேட்கும்போது மயிர்க்கூச்செறியும் அளவுக்குப் பிடித்த இசையைப் பங்கேற்றவர்களே கொண்டுவந்தார்கள். அதாவது பலமுறை கேட்டுப் பழகிய இசை. உச்சகட்டம் வந்தபோது மூளையின் ஆழத்தில் டோபமைன் சுரந்தது. அதைவிடச் சுவையானது இன்னொன்று: உச்சத்துக்குச் சற்று முன்பே, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, பக்கத்தில் உள்ள வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்துவிட்டது. எதிர்பார்ப்புக்கு ஓர் இடம், வந்து சேர்வதற்கு ஓர் இடம். கேட்டே இராத இசையில் முதலாவது இந்த அளவுக்கு வேலைசெய்ய வழியில்லை. 'பாட்ஷா'வில் தேவாவின் அந்தப் பின்னணி இசை தொடங்கப்போகும் கணத்துக்கு முன் ஏற்படும் சிலிர்ப்பு, முன்பே கேட்டவருக்கு மட்டுமே கிடைப்பது.

ஓர் இடைச்செருகல். தொலைக்காட்சியில் நாம் மறுபடி பார்த்த படம், திரையரங்கில் பார்த்த அதே படம்தானா என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும்படி எடுக்கப்படுகிறது. இந்தியா பின்பற்றிய பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்கோ நொடிக்கு 25. இரண்டையும் பொருத்த இந்த முறை உள்ள நாடுகளில் வழக்கமாகக் கையாண்ட எளிய வழி, படத்தைச் சற்று வேகமாக 25 சட்டமாகவே ஓட்டிவிடுவது. 4 விழுக்காடு வேகம் கூடுகிறது. அப்படி ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்; ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் பாட்டும் குரலும் அரை சுரத்துக்குச் சற்றே குறைவாக உயர்ந்துவிடும். ஆனாலும் பார்ப்பவர்கள் அதைப் படத்தின் குறையாக உணர்வதில்லை. நினைவு வைத்திருப்பது கதையையும் உணர்வையும்; கடிகாரத்தை அல்ல.

மறுபடி பார்ப்பதில் தேர்ந்தவர்கள் பெரியவர்கள் அல்லர், குழந்தைகள். ஒரே கார்ட்டூன் படத்தை நாள்தோறும் கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சலிக்காத பெற்றோர் குறைவு. அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனல் 1996இல் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது துணிச்சலாக ஒன்று செய்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒரே எபிசோடு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆண்டர்சன் அடங்கிய குழு, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. சலிப்புத் தட்டவில்லை. புரிதல் கூடிக்கொண்டே போனது. திரையில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் சத்தமாகப் பதில் சொல்வதும் நாளுக்கு நாள் கூடியது. முதல் நாள் பாடமாக இருந்தது, பிறகு அவர்களுக்குப் பிடிபட்ட விளையாட்டாகிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று சரியாகச் சொல்ல முடிவது அந்த வயதில் சின்ன வெற்றியல்ல. உலகத்தில் பெரும்பாலானவை அவர்கள் சொல்படி நடப்பதில்லை. இந்தப் படம் நடக்கிறது. ஊரடங்குக் காலத்தில் பெரியவர்களும் தெரிந்த படங்களிடம் போனதற்கு இதில் ஒரு காரணம் இருக்கும் என்று எண்ணுகிறேன். வெளியே நாளைக்கு என்ன என்பது யாருக்கும் தெரியாதிருந்தது.

அப்படியென்றால் புதுப்படம்? அதுவும் முழுக்கப் புதிதல்ல என்பதைத் துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. ஸ்டீபன் ஷ்வானும் செர்மின் இல்திராரும் தென் துருக்கியின் ஒதுக்குப்புறக் கிராமங்களில், வாழ்நாளில் சினிமாவோ தொலைக்காட்சியோ பார்த்திராத பெரியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, சின்னச் சின்னப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, அன்றாடம் தாங்கள் செய்யும் ஒரு வேலை திரையில் வரிசையாக நடந்தபோது, ஷாட்டுகள் வெட்டுப்பட்டிருந்தாலும் அவர்கள் எளிதில் புரிந்துகொண்டார்கள். பழக்கமான செயலின் ஓட்டம் இல்லாதபோது திணறினார்கள். வீட்டை வெளியிலிருந்து காட்டிவிட்டு அடுத்து உள் அறையைக் காட்டுவது போன்ற, நாம் கவனிக்கவே செய்யாத உத்திகள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாம் இன்று பார்க்கும் எந்தப் புதுப்படத்திலும், முன்பு பார்த்த நூற்றுக்கணக்கான படங்கள் கற்றுத்தந்த இலக்கணம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்ததன் மேல் ஏறி நின்றுதான் தெரியாததைப் பார்க்கிறோம்.

ஓய்வு கொஞ்சம்தான் கிடைக்கும், புதிதா பழையதா என்று தேர்வு செய்ய வேண்டும் என்றால் பலர் புதியதையே எடுப்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓப்ரையன் 2019இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு படத்தை, ஒரு அருங்காட்சியகத்தை, ஒரு விளையாட்டை மறுபடி அனுபவித்தால் எவ்வளவு பிடிக்கும் என்று மக்களைக் கேட்டபோது, குறைவாகவே மதிப்பிட்டார்கள். மறுபடி அனுபவித்தவர்களோ, அந்த மதிப்பீட்டைவிடக் கூடுதலாகவே ரசித்தார்கள். ஒரு தடவை பார்த்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று தோன்றுகிறது. மறுபடி போனால்தான் விட்டுப்போனது தெரிகிறது.

வீட்டில் பெரும்பாலும் இரண்டு வகையினரும் ஒரே படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டிக்கு அத்துப்படியான படம், பேரனுக்குப் புதிது. பேரனின் மூளை இயக்குநரின் கையில். பாட்டியின் மூளை பல நொடிகள் முன்னால். சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு பாட்டிக்கு எழுவது அதனால்தான். சொல்லலாமா? ஜோனதன் லீவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011இல் சிறுகதைகளைக் கொண்டு செய்த சோதனையில், முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னர் வேறு குழுக்கள் செய்தபோது எதிர்மாறான முடிவும் வந்தது. என் கட்சி, சொல்லக் கூடாது என்பது. முடிவு தெரிந்து பார்க்கும் படம் பேரனுக்கு வாழ்நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் கிடைக்கும். தெரியாமல் பார்க்கும் படம் இந்த ஒரு தடவைதான். 'இப்ப பாரு' என்பது வரை பாட்டிக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு வருவது பேரனுக்குச் சொந்தம்.